கார்னேஷன் வாடல் நோய்ச் சோதனை: நாற்று வாங்கும்போதே உஷார்

எந்தக் கார்னேஷன் பூச்செடி ரகம் ஃபியூசேரியம் என்ற பூசணத்தால் வரும் வாடல் நோயைத் தாங்கும் என்று சட்டியில் வைத்துப் பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. பூசணத்தை வளர்த்து, மில்லிக்கு 10 லட்சம் ஸ்போர் (பூசண வித்து) வரும்படி கரைத்து, வேரை நனைத்து நட்டதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் எல்லாம் மனிதர்களிடம்தான்.

'நோயே கிடையாது, கியாரண்டி' என்று சொல்லித்தான் நாற்றுக்காரர் வேர்விட்ட கட்டிங்குகளைத் தந்தார். பார்த்தால், பூசணமே படாமல் ஒப்பீட்டுக்கென்று தனியாக வைத்திருந்த சட்டிகள் முதலில் வாடுகின்றன. ஒரு பக்கத்து இலை மட்டும் வெளுத்து, தண்டு அந்தப் பக்கமாகவே வளைந்து நின்றது. போன் போட்டால், "தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க சார்." தண்ணீர் கூடினால் தண்டுக்குள் ஒரே பக்கமாகப் பழுப்புக் கோடு ஓடுமா? அத்தனையும் குப்பைக்குப் போனது, பணமும் திரும்பி வரவில்லை. அதனால் எந்த நர்சரியாக இருந்தாலும், நடுவதற்கு முன் சில கட்டிங்குகளின் அடித்தண்டின் மேற்பரப்பில் கிருமி நீக்கி, சின்னத் துண்டாக வெட்டி, பூசணம் வளர்க்கும் கூழான உருளைக்கிழங்கு அகாரில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளையாகப் பூசணம் படர்ந்தால் அந்த லாட்டே வேண்டாம்.

பூசண மாதிரி வாங்கும் இடத்தில் கடிதத்தின் வடிவம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், சரி, போகட்டும். ஆனால் கடைசியில் தந்த குழாயில் எந்த ரேஸ், அதாவது பூசணத்தின் எந்த உட்பிரிவு, என்றே எழுதவில்லை! ரேஸ் 1-ஐத் தாங்கும் ரகம் ரேஸ் 2-இல் படுத்துவிடலாம், உலகம் முழுக்கப் பரவிக் கிடப்பதும் ரேஸ் 2 தான். கேட்டு எழுதி வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம் குளிர். இந்தப் பூசணத்துக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். நீலகிரி மார்கழியில் ஹீட்டர் கேட்டால், "கரண்டு பில் யார் கட்டுவது?" என்றார் பொறுப்பாளர். அந்தக் குளிரில் எல்லா ரகமும் வீரன்தான். வெயில் ஏறிய பிறகு மறுபடி வைத்தபோதுதான் சாயம் வெளுத்தது.

கடைசி வரை பச்சையாக நின்ற ஒரு ரகத்தை, எல்லோரும் போதும் என்றபோதும், அடியில் வெட்டிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு. அகாரில் வைத்தால் அதே பூசணம். நோயை வெளியே காட்டாமல் சுமக்கும் செடி இது. இதைத் தாய்ச்செடியாக வைத்துக் கட்டிங் எடுத்தால் பாலிஹவுஸ் முழுக்க நாமே பரப்பியதாகிவிடும். உள்ளேயும் சுத்தமாக இருந்த ரகங்களை மட்டும் அடுத்த நடவுக்கு எடுத்திருக்கிறேன்.