வலது தோள்

2024 மே 7
நேற்று வேலித் தகரம் இடது கையைக் கிழிச்சிட்டுது. அதனால ஏற்பு (டெட்டனஸ்) ஊசியை வலது தோளில போட்டினம். நான் கதிரையில, தாதி நிண்டபடி. சட்டைக் கையை உயர்த்தச் சொல்லேல்லை. கழுத்துப் பக்கத்தால கொஞ்சம் இழுத்து, தோள் எலும்புக்குக் கிட்டக் குத்தினா. இரவே கை தூக்க ஏலேல்லை.

2024 ஓகஸ்ட் 19
ஸ்கான் பார்த்த டொக்டர், தோள்மூட்டு நீர்ப்பை, எலும்பும் தசையும் உரசாமல் இருக்கிற சின்னப் பை, வீங்கியிருக்குது எண்டார். ஊசி தசைக்குள்ள போகாமல் மேல ஏறினா இப்பிடி வருமாம். தோள் எலும்பிலயிருந்து இரண்டு, மூன்று விரல் கீழதான் போட வேணுமாம். மகளுக்கு இரட்டைப்பின்னல் பின்னிவிட ஏலாது. துணி வெட்டேக்க பாதியில கை நிண்டு, விளிம்பு பல்லுப் பல்லாப் போகுது. நல்லூர்த் திருவிழாவுக்குத் தைக்க வந்த 11 சட்டைத்துணியையும் திருப்பிக் குடுத்தன். கைநீட்டி வாங்கின வேலையைத் திருப்பிக் குடுக்கிறது எவ்வளவு அந்தரம்!

2024 நவம்பர் 23
அமெரிக்காவில இருக்கிற அக்கா கதைச்சா. அங்க இந்தத் தோள் காயத்தை 2017இல் நட்டஈட்டு அட்டவணையில சேர்த்திட்டினமாம். ஊசி போட்டு 48 மணித்தியாலத்துக்குள்ள வலி தொடங்கி, ஆறு மாசத்துக்கு மேல நீடிச்சா, தாதியில பிழை எண்டு நிரூபிக்கத் தேவையில்லை. மூன்று வருசத்துக்குள்ள மனுப் போட்டால் சரி. காசு, ஒவ்வொரு தடுப்பூசியிலயும் அறவிடுற வரியால சேர்ந்த நிதியத்திலயிருந்து வருது. ஆறு மாசம் எனக்கும் தாண்டியிட்டுது.

2025 பெப்ரவரி 10
சட்டத்தரணியிட்டப் போனன். வயசான மனுசன், பொறுமையாக் கேட்டார். "பிள்ளை, இஞ்ச இலங்கையில ரோமன் டச்சுச் சட்டம், ஒல்லாந்தர் காலத்தில வந்தது. கவனயீனத்தையும் காட்ட வேணும், அதாலதான் காயம் எண்டும் காட்ட வேணும்." 2001இல் உயர் நீதிமன்றத்தில முடிஞ்ச ஒரு குழந்தையின்ர வழக்கைச் சொன்னார். முதலாவதைக் காட்டியும், இரண்டாவதில தோத்துப் போச்சுதாம். வழக்குப் போடக் காலக்கெடு இரண்டு வருசம்.

ஊசி போட்ட இடத்தில தந்த துண்டை நீட்டினன். திகதியும் மருந்தின்ர பெயரும்தான். எந்தக் கை, எந்த இடம், ஒண்டுமில்லை. அவர் கன நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அண்டைக்கு இரவு வலியை ஆருக்கும் சொன்னனீங்களோ?" எண்டு கேட்டார். இந்தக் கொப்பியைக் காட்டினன். மே 7ஆம் திகதிப் பக்கத்தைப் பிரதி எடுத்தார்.

2025 மார்ச் 3
கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில போட்டாச்சு. இழந்த கூலி, பிசியோதெரபிச் செலவு, வலி, மூண்டையும் கேட்டிருக்கு.

நாளைக்கு மகளின்ர ஏழாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடத்தில ஊசி. கட்டாயம் போட வேணும் எண்டு சொன்னன். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் உயர்த்திப் பிடிக்கிற விதத்தையும் காட்டிக் குடுத்தன், இடது கையால.