எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

பாளையங்கோட்டையில் கார் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் "என்ன ஸ்பீடு போகுது, என்ன மைலேஜ் கொடுக்குது" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு முதல் கேள்வியே அதுதான். வேகமான காரும் சிக்கனமான காரும் வேறு வேறு ஜாதி என்று நம் ஆட்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள், பிரேக் பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

பிரான்ஸில் 24 மணி நேரம் விடாமல் ஓடும் லே மான் கார் பந்தயம், அதில் 1953-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெராரியிடம் 4.5 லிட்டர் இன்ஜின், ஜாகுவார் சி-டைப்பில் 3.4 லிட்டர்தான். ஆனால் ஜாகுவாரில் டன்லப்போடு சேர்ந்து உருவாக்கிய டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் தகட்டை இரண்டு பக்கமும் பேட் வைத்து இறுக்கும் பிரேக், இருந்தது. மற்றவர்கள் சீக்கிரம் சூடேறிப் பிடி தளரும் பழைய டிரம் பிரேக்கை நம்பி முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்த இடங்களில், ஜாகுவாரை ஓட்டிய ரோல்ட்டும் ஹாமில்டனும் இன்னும் கொஞ்ச தூரம் முழு வேகத்தில் போய்விட்டு அப்புறம் பிரேக் பிடித்தார்கள். 24 மணி நேரமும் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 170 கி.மீ., ஜெயித்தது அவர்கள்தான். இரண்டு வருஷம் கழித்துக்கூட டிரம்மை விடாத மெர்சிடிஸ், 300 எஸ்எல்ஆர் காரின் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு பெரிய தகட்டை நிமிர்த்திக் காற்றாலேயே வேகத்தைக் குறைக்கப் பார்த்தது.

சரி, நம்ம ரோட்டுக்கு வருவோம். நாங்குநேரி டோல்கேட் தாண்டி வள்ளியூர் பக்கம் போகும்போது ரோடு நேராக, காலியாகக் கிடக்கும், கால் தானாக அழுத்தும். நல்ல டயரும் காய்ந்த ரோடும் இருந்தால் 80-ல் போகிற கார் நிற்க, நாம் சுதாரிக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, சுமார் 53 மீட்டர் வேண்டும். 120 என்றால் 100 மீட்டருக்கும் மேல். வேகம் ஒன்றரை மடங்கு, நிற்கும் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு ஆட்டு மந்தை திடீரென்று ரோட்டைக் கடக்கும் ஊரில் இந்தக் கணக்கு தெரியாமல் 140-ல் போவதை நான் கார் மேல் உள்ள ஆசை என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

பிரேக் செய்வது ஒரே வேலை, வேகத்தைச் சூடாக மாற்றுவது. 1,000 கிலோ காரை 100 கி.மீ. வேகத்தில் இருந்து ஒரு தடவை நிறுத்தினால் கிட்டத்தட்ட 386 கிலோஜூல் சூடு, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகும் மிச்சம் இருக்கும். அவ்வளவும் நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். இப்போது ஐயப்ப சீசனில் ஆளும் பையுமாக நிறைத்துக்கொண்டு ஆரியங்காவில் இருந்து புளியரை எஸ் வளைவு வழியாக இறங்கும் காரை நினைத்துப் பாருங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பேட் கருகி வாடை வரும், சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். அந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கக்கூடியது. டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறியது 140-லேயே கொதித்துவிடலாம். ஆயிலுக்குள் ஆவி வந்துவிட்டால் பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. மாற்ற ஆகும் செலவு ரொம்பக் கம்மி, தயவுசெய்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள்.

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்லா" என்று இன்னும் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலை அடிக்கும் இன்ஜெக்ஷன் காரில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டால், இன்ஜின் ஓரளவு சுற்றிக்கொண்டிருக்கும் வரை பெட்ரோல் அடிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஏறின கியரிலேயே இறங்கினால் பெட்ரோலும் மிச்சம், பிரேக்கும் சூடாகாது.

ரேஸ்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஃபார்முலா 1-ல் 2010-ல் இருந்து பந்தயத்தின் நடுவே பெட்ரோல் போடக் கூடாது, 2019 முதல் 2025 வரை முழுப் பந்தயத்துக்கும் 110 கிலோ பெட்ரோல்தான். அதனால் பிரேக் பிடிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே காலை எடுத்து உருளவிடுவார்கள். பிரேக்கில் வீணாகும் சக்தியைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் கெர்ஸ் 2009-ல் வந்தபோது ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல் வரை அனுமதித்தார்கள். மேலே சொன்ன நம்ம 1,000 கிலோ காரை ஒரு தடவை நிறுத்தும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான்! 2012 லே மானில் ஆடி ஜெயித்ததும் இப்படிச் சக்தியைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் ஹைபிரிட் காரில்தான்.

நம் ஊருக்கு என்னைக் கேட்டால், குதிரைத்திறனைத் துரத்துவதை விட எடை குறைந்த காரைத் தேடுவேன். எடை குறைந்தால் கிளம்பச் செலவு குறைவு, நிறுத்தச் செலவு குறைவு, வளைவில் டயருக்கும் நிம்மதி. 2017-ல் வந்த மாருதியின் பெலினோ ஆர்எஸ் அப்படி ஒரு கார். ஒரு லிட்டர் டர்போ, 102 பிஎஸ், எடை ஒரு டன்னுக்கும் கீழே, நாலு சக்கரத்திலும் டிஸ்க். 2020-ல் நிறுத்திவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. ரெண்டு டன்னை நெருங்கும் எஸ்யூவிகள் வாசலுக்கு வாசல் நிற்கும்போது, இந்த மாதிரிக் காரை வாங்க ஆள் இல்லாமல் போனது பெரிய வருத்தம். தென்காசி, அம்பை பக்கம் யாரிடமாவது நல்ல நிலையில் ஒன்று விற்பனைக்கு இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், பேட் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, நானே மாற்றிக்கொள்கிறேன்.