காசிமேட்டில் 6544 டிகிரி

ஐஸ் கம்பெனி வேலை என்றாலே நம் வீட்டம்மாவுக்கு மூக்கு நுனியில் கோபம். சட்டையை வாசலிலேயே கழற்றி பக்கெட்டில் போட்டால்தான் சோறு. நேற்றும் அப்படித்தான்.

வேலை என்னவோ சின்னதுதான். உப்புத்தண்ணித் தொட்டியின் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஆர்எஸ்-485 என்ற வகை ஒயரில் மோட்பஸ் ஆர்டியு என்ற மெஷின் பாஷை பேசும். அதை முதலாளி செல்போனில் பார்க்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒயரான ஈதர்நெட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்கு நடுவில் ஒரு கன்வெர்ட்டர். அந்தப் பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேருக்குத்தான், அதாவது ஃபர்ம்வேருக்கு, அப்கிரேடு. 1979இல் வந்த மோட்பஸ் இன்னும் நம்மை விட்டபாடில்லை.

485இல் மொத்தமே ஏ, பி என்று இரண்டு ஒயர். ஏ மைனஸ், பி பிளஸ் என்று ஸ்டாண்டர்டில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் பல பெட்டிகளில் தலைகீழாக அச்சடித்திருப்பார்கள். பதில் வராவிட்டால் மாற்றிச் சொருகு, அவ்வளவுதான் நம் பொறியியல்.

அப்கிரேடு ஓடும்போது கரண்ட் போனால் பெட்டியைக் குப்பையில் போட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் போன் சார்ஜ் போட அதே பிளக்கைப் பிடுங்க வந்தான். கோயில் உண்டியலுக்குக் காவல் நிற்கிற மாதிரி சுவிட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாக முடிந்தது. 9600 பாட் ரேட் என்ற பேச்சு வேகம், ஸ்லேவ் ஐடி என்ற கன்ட்ரோலர் நம்பர் எல்லாம் அப்படியே இருந்தன. பேனலை மூடப் போகிறேன், மீஞ்சூர் வளைகாப்பில் இருந்த முதலாளி போனில் அலறுகிறார்.

"இன்னாப்பா இது, 6544 டிகிரி காட்டுது! அமோனியா வெடிக்கப் போவுது, எல்லாரையும் வெளிய வரச் சொல்லு!"

சூரியனின் மேற்பரப்பே 5500 டிகிரி சொச்சம்தான். காசிமேடு அதைத் தாண்டிவிட்டது.

விஷயம் இதுதான். மைனஸ் 9.6 டிகிரியை கன்ட்ரோலர் பத்தால் பெருக்கி மைனஸ் 96 என்று 16 பிட்டில் அனுப்பும். 16 பிட்டில் மொத்தம் 65536 எண்கள்தான் அடங்கும். மைனஸ் என்று ஒன்று உண்டு என்பதையே பெட்டி மறந்துவிட்டால், 65536இல் 96 போக 65440. பத்தால் வகுத்தால் 6544. பழைய செட்டிங் எதுவும் மாறாது என்று மேனுவலில் கொட்டை எழுத்தில் போட்டவர்கள், சைன்டு (மைனஸ் உண்டு) என்றிருந்ததை மட்டும் அன்சைன்டு (மைனஸ் கிடையாது) ஆக்கிவிட்டார்கள். நல்லா இருங்கப்பா.

ஆபரேட்டர் அண்ணன் மட்டும் அசையவில்லை. பைப் மேல் படிந்திருந்த பனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மைனஸ்ல ஒம்போது, ஒம்போதரை இருக்கும்" என்று பீடியைத் தேடப் போய்விட்டார்.

சரி, செட்டிங்கை மாற்றினேன். முதலாளி போனிலும் மைனஸ் 9.6 வந்தது. எல்லாம் சுபம் என்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தாயிற்று.

இன்று காலை அண்ணனிடமிருந்து போன். ராத்திரி முழுக்க 9.5 ஆனாலும் 9.4 ஆனாலும் முதலாளி கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"தம்பி, அந்த ஆறாயிரத்தையே திருப்பி வெச்சுடேன். அதுக்கு ஒரே ஒரு போன்தான் வந்துச்சு."