கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், அப்புறம் என்ன ஆட்டிசம்?

தனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று டாக்டரிடம் போய், இந்தக் கேள்வியோடு திருப்பி அனுப்பப்படும் வயதுவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்ணைப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனித்தால் போதாது, எப்படிப் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவரின் புருவத்தில் பார்வையை நிறுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு விலக்கிக்கொள்பவர்கள் உண்டு. போனில் பேசுமுன் வசனம் எழுதி ஒத்திகை பார்ப்பது, கையை ஆட்டத் தோன்றும்போது செருப்புக்குள் கால்விரலை மடக்குவது, வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஒருத்தியின் சிரிப்பை அப்படியே நகலெடுப்பது எல்லாம் இதே ரகம்தான். இப்படித் தன் இயல்பை மறைத்துக்கொள்வதை மாஸ்கிங் என்கிறார்கள். பெண்களிடம் இது கூடுதல். ரயில் அட்டவணையை ஒப்பிக்கும் பையன் கண்ணில் படுவான். ஒரே நடிகரைப் பற்றி எல்லாம் தெரிந்த பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. பள்ளியில் அவள் 'அமைதியான பிள்ளை'. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவது ரேங்க் கார்டில் வராது.

1943-இல் மனநல மருத்துவர் கானர் ஆட்டிசம் பற்றி எழுதியபோது விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். மறுவருடம் குழந்தை மருத்துவர் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நால்வருமே பையன்கள். பையன்கள் பக்கச் சாய்வு அங்கேயே தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு, 2013-இல் டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு) வரும்வரை ஒருவருக்கு ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு) ஆட்டிசமும் சேர்த்து எழுத விதியே இல்லை. ஏடிஎச்டி என்ற பெயர் முதலில் கிடைத்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றது.

இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐஎஸ்ஏஏ என்ற ஆட்டிச அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால்தான் ஆட்டிசம். பெரும்பாலும் பார்த்தால் தெரியும் நடத்தைகளையே அது கேட்கிறது. பழகிப்பழகி மறைத்துக்கொண்டவர் 70-க்குக் கீழே நின்றுவிடலாம். கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் மறைந்திருக்கலாம் என்று டிஎஸ்எம்-5 வெளிப்படையாகவே சொல்கிறது.

பதற்றம், மனச்சோர்வு என்று டாக்டர் ஏற்கெனவே எழுதியிருந்தால் அது தவறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதுவும் ஆட்டிசமும் சேர்ந்தே இருக்கலாம். ஒரு துப்பு: சமூகப் பதற்றம் மட்டும் உள்ளவருக்குப் பொதுவாக என்ன பேச வேண்டும் என்று தெரியும், பயம்தான் தடுக்கும். பயம் குறைந்த பிறகும் பேச்சுக்கு நடுவே தான் நுழைய இடைவெளி எங்கே என்று பிடிபடாவிட்டால், மேலே விசாரிக்க வேண்டும்.

டாக்டர் முன்னாலும் மாஸ்க் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எழுதி எடுத்துப் போங்கள். 'கூட்டம் பிடிக்காது' என்று எழுதிப் பயனில்லை. கல்யாண வீட்டில் எவ்வளவு நேரம் தாங்கியது, எந்தச் சத்தம் வெளியே துரத்தியது, மறுநாள் எத்தனை மணி நேரம் பேச முடியவில்லை என்று எழுதுங்கள். ஐந்து வயதுக்குள் எப்படி விளையாடினீர்கள், எந்தச் சாப்பாட்டைத் துப்பினீர்கள், வழக்கம் மாறினால் என்ன ஆனது என்பதை அம்மாவிடம் கேளுங்கள். அம்மா இல்லையென்றால் அத்தை, அக்கா, பழைய பள்ளி அறிக்கை. சொல்ல ஒருவருமே இல்லை என்பது மட்டும் ஆட்டிசத்தை மறுக்கக் காரணம் ஆகாது. டிஎஸ்எம்-5 விளக்கத்திலேயே அது இருக்கிறது, தேவைப்பட்டால் எடுத்துக்காட்டலாம்.