நாலு ஓட்டை ரப்பர்

அயனாவரத்தில் என் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பாதி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்தான். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. வைத்திருப்பவர்கள் விற்கவும் மாட்டார்கள், அடுத்தவர் கையில் கொடுக்கவும் மாட்டார்கள். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான ஒரு பெரியவர் அப்படி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்ரோல் டேப்பை மூடினாலும் சொட்டுகிறது, காலையில் பிளக் நனைந்து கிடக்கிறது, கிக்கரை உதைத்தே முழங்கால் போய்விட்டது என்றார்.

டேப்பைக் கழற்றினேன். லீவருக்குப் பின்னால் நாலு ஓட்டை போட்ட வட்ட ரப்பர் ஒன்று இருக்கும். லீவரின் அடியில் ஒரு பள்ளம். அது எந்த ஓட்டைகளைச் சேர்க்கிறதோ அந்த வழியில் பெட்ரோல் இறங்கும். சேர்க்காவிட்டால் ஆஃப். அவர் வண்டியில் அந்த ரப்பர் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரம் சுருண்டு, கையில் மை போல ஒட்டியது. இப்போது இது அடிக்கடி வருகிறது. 2022-ல் பெட்ரோலில் 10 சதவீதமாக இருந்த எத்தனால் 2025-ல் 20 ஆகிவிட்டது. அந்தக் காலத்து ரப்பரை இதற்காகவா செய்தார்கள்?

புதுப்பேட்டையில் டூப்ளிகேட் கிடைக்கும். வேறு வண்டிகளுக்கு இரண்டு தடவை போட்டேன். இரண்டும் ஒரு மாதத்தில் திரும்பி வந்தன. தொழில் பழகிய நாளில் சைக்கிள் டியூபில் வெட்டியும் பார்த்திருக்கிறேன். மறுநாள் அது உப்பி, லீவர் திரும்பவே இல்லை. சிலிக்கான் பேஸ்ட் தடவுகிறவர்களும் உண்டு. அது பெட்ரோலில் பிய்ந்துபோய் கார்ப்பரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். அதைச் சுத்தம் செய்வதும் நம் தலையில்தான்.

அதனால் பாரிமுனையில் பெட்ரோலில் எளிதில் உப்பாத விட்டான் ரப்பர் ஷீட் துண்டாக வாங்கி வைத்திருக்கிறேன். வழக்கமான நைட்ரைல் ரப்பரைவிட விலை ரொம்பக் கூட. எதை வாங்கினாலும் ஒரு துணுக்கை மூடி போட்ட பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி இரண்டு நாள் போட்டு, வெர்னியரில் அளந்த பிறகுதான் வெட்டுவேன். ஓட்டை போட பழைய ரேடியோ ஆன்டெனா. ஒன்றுக்குள் ஒன்றாக அத்தனை அளவுக் குழாய் அதில் இருக்கிறது. நுனியைத் தீட்டினால் பஞ்ச்.

பெரியவரின் ரப்பரை ஷீட்டின் மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வரையப் போனேன். ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, உப்பிப்போனத வச்சா அளவு எடுக்கிற? டேப்போட உடம்பு உப்பாது இல்ல, அதப் பாரு."

சரிதான். இத்தனை வருடம் நான் வெட்டியதில் பாதி ஏன் பொருந்தவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. டேப்பின் முகத்தில் விரலால் லேசாக கிரீஸ் தொட்டு, நோட்டுக் காகிதத்தை அழுத்தி எடுத்தோம். கறுப்பு வட்டம், நடுவில் ஓட்டைகள் மட்டும் வெள்ளையாக. குழியின் ஆழத்தை வெர்னியர் வாலால் அவரே அளந்தார். தடிமனில்தான் சூட்சுமம். கூடினால் ரப்பர் நசுங்கி ஓட்டை அடைபடும், லீவர் இறுகும். குறைந்தால், லீவரை ரப்பரோடு அழுத்திப் பிடிக்கும் நெளிந்த வேவ் வாஷர் அழுத்தியும் கசியும்.

புளியங்கட்டையில் வைத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு வெட்டினேன். முதல் இரண்டும் ஓட்டை தள்ளிப்போய்விட்டது. மூன்றாவதை மாட்டி, டேப்பை மூடி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

முந்நூறு ரூபாய் கேட்டேன்.

"ரப்பர் கடையில முப்பது ரூவா."

"மூணு மணி நேரம் ஆச்சு சார்."

"அதுல பாதி நேரம் நான்தான வேலை பாத்தேன்?"

இருநூற்றைம்பது கொடுத்துவிட்டு, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து போனார்.

பழைய ரப்பர் மேஜையிலேயே கிடந்தது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் பெட்ரோல் ஆவியாகி, காய்ந்து, சுருங்கியிருந்தது. அந்தக் கிரீஸ் காகிதத்தை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். இப்போது வட்டத்துக்குள் சின்னதாக உட்கார்ந்தது.