ஆப்ட் சிலை: அரைப் பல் கடைசியில் சரியாக உட்கார்ந்தது

ஞாயிறு காலை அச்சைப் பிரித்தபோது, சிலையின் கையில் வைக்கும் பல் பட்டையின் 15 பல்லும் முழுசாக வந்தன. ஒன்றுகூட மூளி இல்லை. மூன்றாவது முயற்சி இது. அப்படியே சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி அம்மாவிடம் காட்டினேன்.

குன்னூர் வீட்டு மாடியில், நம் மலை ரயில் ஏறப் பிடித்துக்கொள்ளும் பல் பட்டையை உருவாக்கிய சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்டின் சிலை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றரை அடி உயரம், வலது கையில் அவருடைய ரேக் பார், அதாவது அந்தப் பல் பட்டையின் துண்டு. உடம்பை வார்த்து முடித்து வெகுநாளாயிற்று. ரேக்கில்தான் இரண்டு மாதம் போனது.

முதல் வார்ப்பைப் பெரியப்பாவிடம் காட்டினேன். நம் நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தைப் பார்க்கவே இல்லை. “என்னடா இது, ரெண்டு பட்டையிலயும் பல்லு நேருக்கு நேரா நிக்குது?” என்றார்.

சுருக்கென்றது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே போகும் இரட்டைப் பட்டையில், ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் பல்சக்கரமும் அதற்கேற்ப இரண்டு வரிசை. ஒரு பல் பிடியை விடுவதற்குள் அடுத்தது கவ்விவிடும். ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி ஏறுகிற பாதையில் அந்தப் பிடி விடாமல் இருப்பதுதான் எல்லாம். 1882-ல் ஆப்ட் காப்புரிமை வாங்கியது இதற்குத்தான். முகம் கொஞ்சம் மாறினாலும் பொறுக்கலாம், அந்த அரைப் பல் தள்ளல் இல்லாவிட்டால் அது ஆப்ட் சிலையே இல்லை.

இரண்டாவது தடவை பல்லைத் தள்ளி வைத்து, இரண்டு பட்டையையும் சேர்த்தே சிலிக்கான் அச்சு எடுத்தேன். பட்டைகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் சந்து. அதற்குள் போன சிலிக்கான் மெல்லிய தகடாக நின்று, பிரிக்கும்போது கிழிந்தது. கூடவே நான்கு பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இரண்டு பட்டையும் ஒன்றேதான், தள்ளி வைப்பது மட்டும்தான் வித்தியாசம். ஒற்றைப் பட்டைக்கு ஓர் அச்சு போதும், இரண்டு முறை வார்க்கலாம். பல்லுக்குப் பல் 8 மில்லிமீட்டர், ஆகவே 4 மில்லிமீட்டர் தள்ளி, நடுவே மரச்சில்லு வைத்து, பித்தளைக் கம்பி செருகி ஒட்டினேன். சிலிக்கானின் முதல் பூச்சைப் பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்த்தேன். மொத்தமாக ஊற்றினால் பல் நுனியில் காற்றுக்குமிழி நிற்கிறது. வார்க்கும்போதும் ஒரு முனையிலிருந்து மட்டும் ஊற்றி, மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

பல்லுக்குச் சாதாரண பிளாஸ்டர் வேண்டாம். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் வாங்குங்கள், கல் மாதிரி நிற்கும். கோயம்புத்தூரில் பல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. மேலே கொண்டுவந்ததும் மூடி இறுக்கமான தகர டப்பாவில் போட்டுவிடுங்கள். இங்கே கடையில் பிரித்து வைத்த மூட்டையிலிருந்து ஒருமுறை வாங்கி ஏமாந்தேன், பனி குடித்துக் கட்டி கட்டியாக இருந்தது.

காய வைப்பதும் இந்த ஊரில் பெரும்பாடு. மேகம் இறங்கினால் ஒரு வாரம் ஆனாலும் வார்ப்பு சில்லென்றே இருக்கும். அடுப்போரம் மட்டும் வைக்காதீர்கள், சூடு கூடினால் மாவாக உதிர்கிறது. பழைய அலமாரிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, கதவை ஒரு விரல் திறந்து வைத்தேன். மூன்றே நாளில் காய்ந்தது.

அடுத்து ரிக்கன்பாக் சிலை செய்ய வேண்டும். ஆப்ட் அவரிடம் வேலை பார்த்தவர். 1871-ல் சுவிட்சர்லாந்தின் ரிகி மலைக்கு ரயிலை ஏற்றிய ரிக்கன்பாக், மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்த 1899-லேயே இறந்துபோனார். அவருடைய ரேக் ஏணி மாதிரி, இரண்டு சட்டத்துக்கு நடுவே குறுக்குப் படிகள். அதற்கு அச்சே வேண்டாம், பித்தளைக் கம்பியை வெட்டிப் பற்றவைத்துவிடலாம் என்று இப்போதே கம்பி வாங்கி வைத்துவிட்டேன்.

ஆப்டின் வலது கை இன்னும் தோளில் ஏறவில்லை. ரேக் கனத்துக்கு மணிக்கட்டு தாங்குமா என்று பார்க்க, உள்ளே 2 மில்லிமீட்டர் கம்பி விட்டு ஒரு வெறுங்கை வார்த்து, அலமாரியில் பல்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதன்கிழமை எடுக்க வேண்டும்.