நிலைப்படியில் நிற்கக் கற்ற கவுனி

செட்டிநாட்டு வீட்டில் நாய்க்குட்டிக்கு வெளியே போய் ஒன்றுக்கு இருக்கப் பழக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்குள்ளேயே வானம் இருக்கிறது. வீட்டின் மையக் கூடமான வளவின் நடுவில் முற்றம். அங்கே வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, காக்கா வந்து உட்காருகிறது, தண்ணீர் ஓட வழியும் இருக்கிறது. எங்கள் கவுனி முற்றத்தைப் பார்த்தாள், அண்ணாந்து மேலே பார்த்தாள், இதுதான் வெளி என்று முடிவு செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த முற்றத்தில்தான் நாங்கள் பொங்கல் வைப்போம். கோலம் போடுவதும் அங்கேதான். "ஏத்தா, பொங்கப் பானை ஏத்துற எடம்த்தா அது" என்று அப்பத்தா சொன்னபோது குரலில் கோபத்தைவிட நம்ப முடியாத தன்மைதான் அதிகம் இருந்தது.

எங்கள் ஊர் கானாடுகாத்தான். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றானதும் ஊருக்கே வந்துவிட்டேன். கோவில்பட்டிப் பக்கம் அப்பச்சியின், அதாவது அப்பாவின், சிநேகிதர் வீட்டில் கன்னி என்கிற நாட்டு வேட்டை நாய் குட்டி போட்டிருந்தது. கறுத்த உடம்பு, புருவத்திலும் கால்களிலும் செம்பட்டை. கவுனி அரிசி நிறம் என்று பெயர் வைத்ததே அப்பத்தாதான். பெயர் வைத்தவர் குட்டி இரண்டாம் கட்டைத் தாண்டி வளவுக்குள் வரக்கூடாது என்றும் சொன்னார். வளவுக்குப் பின்னால் அடுத்தடுத்து வரும் பகுதிகளைத்தான் கட்டு என்போம். அடுத்த வருடம் இதே வீட்டில் தம்பி கல்யாணம். அதற்குள் நூறு பேர் நடமாடும் வீட்டில் பதறாமல் இருக்கிற நாயாக அவளை ஆக்க வேண்டும். எனக்கு இருந்த கெடு அதுதான்.

முற்றத்துக்கு வருகிறேன். எட்டு வாரக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணிக்குள், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும். இது எல்லா வீட்டுக்கும் பொது. எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பிலிருந்து தோட்டத்துக் கதவுக்குப் போவதற்குள் குட்டிக்கு அவசரம் தாங்காது. அதனால் அவள் படுக்கையை முகப்பில் வைக்காமல் கடைசிக் கட்டில், தோட்டத்துக் கதவுக்குப் பக்கத்தில் போட்டேன். நானும் மடிக்கணினியோடு அங்கேயே குடியேறினேன். மண்ணில் இறக்கிவிட்டு "போய்ட்டு வா" என்று ஒரே சொல். போனதும், அந்த இடத்திலேயே, ஒரு சிட்டிகை வெந்த ஈரல். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கூலி என்றுதான் நாய் எடுத்துக்கொள்ளும். பாராட்டும் தீனியும் ஒன்றிரண்டு நொடிக்குள் போய்ச் சேர வேண்டும்.

இருந்தும் கண் அசந்தால் முற்றத்துக்கு ஓடினாள். கல் இடுக்கில் பழைய வாடை தங்கியிருந்தது. பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாய் மூக்கை ஏமாற்றாது. சிறுநீர் வாடையை உடைக்கிற என்சைம் திரவம் வாங்கி ஊற்றி ஊறவிட்டுக் கழுவினோம். அது பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் செய்தது அவள் சோற்றுத் தட்டு. சாப்பிடும் இடத்தில் நாய் பொதுவாக அசிங்கம் செய்யாது. தட்டை முற்ற ஓரத்திலேயே வைத்துவிடலாம் என்றேன். வளவுக்குள் நாய்த் தட்டா என்று வீடே திரும்பிப் பார்த்தது. ஆத்தாவுக்கு, என் அம்மாவுக்கு, சம்மதமில்லை. ஆச்சரியமாக அப்பத்தாதான் இறங்கி வந்தார். "வைரவன்பட்டியில சாமி பக்கத்துல நிக்கலையா நாயி? கொஞ்ச நாளைக்குத்தானே, வைக்கட்டும்." ஒவ்வொரு வேளைக்கும் முற்றத்தின் வேறு ஒரு மூலையில் தட்டை வைத்தோம். நாலு மூலையும் சாப்பாட்டு இடமானதும் அவளே தோட்டத்துக் கதவடியில் போய் முனக ஆரம்பித்தாள். பிறகு தட்டு கடைசிக் கட்டுக்குப் போய்விட்டது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து முகம் தெரிகிற அளவுக்கு வைத்திருப்பதில் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பெருமை. வளரும் குட்டி அதில் கால் பரத்தி வழுக்கி விழுவது மூட்டுக்கு நல்லதல்ல. அவள் நடக்கிற தடத்தில் எண்ணெய் தொடுவதை நிறுத்தி, பழைய ஜமுக்காளங்களை நீளமாக விரித்தோம். நகத்தை அவ்வப்போது வெட்டினேன். ரொம்ப நாள் வீடு, துக்கம் விசாரிக்க ஆள் வரப்போகிற மாதிரி இருந்தது.

உண்மையான சோதனை கதவுகள். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லை தெரியும். நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில். கன்னி, மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடும் இனம். கடைசிக் கட்டில் படுத்திருக்கிற கவுனிக்கு, தலைவாசல் திறந்த நொடியில் தெருவில் போகும் ஆடு அப்படியே கண்ணில் படும். அடுத்த நொடி அத்தனை நிலையையும் தாண்டி அம்பாகத் தெருவில் இருப்பாள். காரோ லாரியோ அவள் கணக்கில் வராது.

ஆகவே "உட்காரு", "கை கொடு" எல்லாம் அப்புறம் என்று தள்ளிவிட்டு, நிலைப்படிதான் முதல் பாடம் என்று வைத்துக்கொண்டேன். வாரைப் பிடித்துக்கொண்டு ஒரு படிக்கு முன்னால் நிற்பேன். "இரு." அவள் முன்னங்காலை எடுத்தால் கதவு மூடும், திட்டோ இழுப்போ கிடையாது. கால் தரையில் இருந்தால் கதவு திறக்கும். என் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் ஈரல், "வா" என்றால் தாண்டலாம். முதலில் கொல்லைக் கதவு, அங்கே கவனத்தைக் கெடுக்க ஒன்றும் இல்லை. பிறகு அடுப்படி நிலை. பிறகு வளவு. கடைசியாகத் தலைவாசல், அதுவும் தெரு ஓய்ந்திருக்கும் மத்தியானத்தில். ஒரு படியில் சரியாக நின்றவள் அடுத்த படியில் எல்லாம் மறந்துபோய் நிற்பாள். நாய்க்கு ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாக வராது. ஒவ்வொரு நிலையிலும் ஆதியிலிருந்து தொடங்கினோம். தலைவாசலில் ஆடு போகும்போது அவள் உடம்பெல்லாம் நடுங்க, கால் மட்டும் அசையாமல் என்னைத் திரும்பிப் பார்த்த அன்று கையிலிருந்த ஈரல் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

இதற்கு வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பச்சி "நில்லு" என்பார், தம்பி "ஸ்டே" என்பான், வேலைக்கு வரும் அக்கா "ஏய்" என்பார். அடுப்படிக் கதவில் "இரு" என்று சாக்கட்டியால் எழுதி வைத்தேன். அப்பத்தா மட்டும் கடைசிவரை "இருடீ" என்றார். கவுனிக்கு அதுவும் புரிந்தது.

இந்த வகை நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை பெரிதாக அகலமில்லை. சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்துக் கழற்றிவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகுகிற மார்ட்டிங்கேல் பட்டைதான் பாதுகாப்பு. கூப்பிட்டால் வருவதை விடிகாலையில் ஊருணிக் கரையில் நீளக் கயிறு கட்டிப் பழக்கினேன். மயில் எழும்பினால் இன்றைக்கும் அவள் காது கேட்காது, அதனால் திறந்தவெளியில் கயிற்றை அவிழ்ப்பதே இல்லை. "முயலுக்கு விடலாமே" என்று யோசனை சொன்னவர்களிடம் 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தைச் சொன்னேன்.

தடுப்பூசி விஷயத்தில் ஒரு இழுபறி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், அடுத்தது ஒரு வருடத்தில். அந்த 16 வாரத் தொடர் முடியும் முன் தெரு மண்ணில் விடக்கூடாது. குட்டிகளின் உயிருக்கே உலை வைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்கிற பருவமும் ஏறக்குறைய 14 வாரத்தோடு முடிகிறது. கால்நடை மருத்துவர் சொன்ன வழி எளிது: தூக்கிக்கொண்டு போங்கள், தரையில் விடாதீர்கள். துணிப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய, ஸ்கூட்டரில் காரைக்குடிக் கடைத்தெரு, செட்டிநாடு ரயில் நிலையம், பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று காட்டினேன். கடைத்தெருவில் ஒருவர் விடாமல் "ராஜபாளையமா?" என்றார்கள். ராஜபாளையம் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. 2005-இல் தபால்தலையில் வந்ததும் அதுதான். கன்னிக்கு அந்தப் பேர் இன்னும் கிடைக்கவில்லை.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. சோறு, எலும்பில்லாத கோழி, பூசணி, முட்டை, பாதிக்குக் குட்டிகளுக்கான தீனி. மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. எங்கள் சமையலில் எதை எடுத்தாலும் சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். குழம்புச் சோறு கிடையாது என்பதை அப்பத்தாவுக்குப் புரியவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. விலா எலும்பு தெரிகிற நாயைப் பார்த்து "சோறு போடுறதில்லையா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. கன்னிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிந்தால்தான் சரியான உடம்பு.

பழைய வீட்டுக்காரர்கள் உண்ணியை அலட்சியம் செய்யக்கூடாது. நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். ரத்தம் குடித்துப் பருத்த பெட்டை கீழே விழுந்து சுவர் ஏறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எங்களுக்கோ பெட்டகமும் தகரப்பெட்டியும் அடைந்த, வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் அறைகள். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. மூன்று மாதத்துக்கு வேலை செய்யும் மாத்திரையை நாள் தவறாமல் கொடுத்தேன். அறைகளைத் திறந்து கூட்டி, விரிசலைச் சுண்ணாம்பு பூசி அடைத்தோம். எடுத்த உண்ணியை விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுவது நல்லது. நாய்க்கான சில உண்ணிச் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும். நெல் அறைப் பக்கம் ஒரு பூனைக் குடும்பம் இருந்ததால் அதைத் தொடவில்லை.

கல்யாணம் நெருங்க நெருங்க சத்தம்தான் என் கவலை. கைப்பேசியில் தவில் நாதஸ்வரத்தைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்து, அது ஒலிக்கிறவரை ஈரல், நின்றால் ஈரலும் நின்றுவிடும். வாரம் போகப் போக ஒலியைக் கூட்டினேன். காது பின்னால் படிந்தால், உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால் உடனே ஒரு படி குறைத்துவிடுவேன். கடைசியில் தவில் கேட்டால் ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்து என் கையைப் பார்த்தாள். சங்குதான் படியவில்லை. சங்கு ஊதினால் கழுத்தை நீட்டி ஊளையிட்டாள். எங்கள் கல்யாணத்தில் சங்கு இல்லாமல் ஒன்றும் நடக்காது, நாய் ஊளையிட்டாலோ ஆகாத சகுனம் என்பார்கள். தீனி, விளையாட்டு எதற்கும் அந்த ஊளை மசியவில்லை. அவளை மாற்றுவதை விட்டுவிட்டு ஏற்பாட்டை மாற்றினேன். சங்கு ஊதும் நேரங்களைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் சித்தப்பா மகன் அவளைக் காரில் ஏற்றி ஊருணிப் பக்கம் கூட்டிப்போவதாகப் பேசிவைத்தோம்.

பெண் அழைத்து வந்த அன்று வளவில் பித்தளையும் எவர்சில்வரும் பரப்பிக் கிடந்தது. கவுனி கடைசிக் கட்டு அறையில், ஈரல் அடைத்த ரப்பர் பொம்மையோடு. அந்த அறையில் தனியாக இருக்க மாதக்கணக்கில் பழகியிருந்ததால் சிணுங்கவில்லை. சமையல் கொட்டகை பக்கத்திலேயே. பாயாசத்துக்கான உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதைச் சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லி, யாரும் எதுவும் போடாதபடி கதவுக்கு ஒரு பையனைக் காவல் வைத்தேன். பந்திகளுக்கு இடையில் கூட்டம் தணிந்தபோது வாரோடு வெளியே கொண்டுவந்தேன். பிள்ளைகளுக்கு ஒரே விதி: நீங்கள் போகாதீர்கள், அவள் வந்தால் கன்னத்தடியில் தடவுங்கள், தலைக்கு மேல் கை நீட்டாதீர்கள். ஒரு குட்டிப் பயல் வாலைப் பிடித்தான். அவள் உறுமவில்லை, முகத்தைத் திருப்பிக் கண்வெள்ளை தெரியப் பார்த்தாள். அதுவே போதும் என்று உள்ளே கூட்டிப்போய்விட்டேன். உறுமியிருந்தாலும் திட்டியிருக்க மாட்டேன். உறுமலை அடக்கிவிட்டால் அடுத்தது எச்சரிக்கையில்லாத கடி.

தலைவாசல் அன்று நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. கவுனி ஒவ்வொரு நிலையிலும் நின்று நின்று வந்ததைப் பள்ளத்தூர் அயித்தை கவனித்திருக்கிறார். இப்போது அவருக்கும் ஒரு கன்னிக் குட்டி வேண்டுமாம். தாய் நாயை நேரில் பாருங்கள், எட்டு வாரத்துக்கு முன்னால் பிரித்துத் தந்தால் வாங்காதீர்கள், குடற்புழு மருந்து கொடுத்த தேதியைக் கேளுங்கள், பின்னால் கருத்தடை செய்யும்போது கொழுப்பில்லாத இனம் என்று சொல்லி மயக்க மருந்தைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள் என்றேன். எல்லாம் கேட்டுக்கொண்டு, "முற்றத்துக்கு என்ன பண்ணுறது?" என்றார்.